கேட்டவனுக்குத்தான் கொடுத்தேன்

நான் வாங்கிய முதல் பெரிய கடன் பசிக்காக இல்லை. வைத்தியத்துக்காகவும் இல்லை. ரேடியோவுக்காக. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏழைக்கு வந்த கஷ்டம் என்று எனக்காக வருத்தப்பட்டுக்கொண்டு யாரும் படிக்க வேண்டாம்.

எழுபதுகளின் நடுவில் மரக்காணத்து உப்பளத்தில் கூலி வேலை செய்தேன். பாத்தியில் உப்பு பூத்ததும், நீளக் கழியின் முனையில் கட்டிய பலகையால் அதை இழுத்து வரப்போரம் சேர்ப்பது ஆண்கள் வேலை. அதைக் கூடையில் அள்ளித் தலையில் சுமந்துபோய் அம்பாரத்தில் கொட்டுவது பெண்கள் வேலை. தையில் பாத்தி திருத்தி, தரையை மிதித்து இறுக்கத் தொடங்குவோம். மாசியில் முதல் உப்பு வரும். புரட்டாசி வரை ஓடும். ஐப்பசி மழை விழுந்ததும் அம்பாரத்தை ஓலை போட்டு மூடிவிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். பிறகு மூன்று மாதம் ஒருவனுக்கும் கூலி கிடையாது.

அந்த மூன்று மாதமும் நாங்கள் எல்லோரும் கடனில்தான் சாப்பிட்டோம். அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. மளிகைக் கடைக்காரர் நோட்டில் எழுதிக்கொண்டு அரிசி போடுவார். கொஞ்சம் விலை ஏற்றித்தான் எழுதுவார். அது எங்களுக்கும் தெரியும், எங்களுக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும். ஆனால் மழை மாதத்தில் பணம் எங்கே என்று கேட்க மாட்டார். மாசியில் கூலி வரும்போது பிடித்துக்கொள்வார். அள முதலாளியிடம் முன்பணம் வாங்கலாம். அளம் திறக்கும்போது தருவார். அதற்கு வட்டி கிடையாது. வட்டிக்குப் பதிலாக ஆளையே எடுத்துக்கொள்வார். முன்பணம் கழியும்வரை பக்கத்து அளத்தில் எட்டணா அதிகம் கொடுத்தாலும் போக முடியாது. நகை இருந்தவர்கள் கடைத்தெருவில் இருந்த சேட்டிடம் அடகு வைத்தார்கள். சேட்டு யார் வீட்டு வாசலிலும் வந்து நின்றதில்லை. அவர் ஏன் வர வேண்டும்? பொருள் அவர் பெட்டியில் இருக்கிறது. கெடு முடிந்தால் ஏலம்.

இவை எதற்கும் வழியில்லாதவனுக்குக் கைமாத்து. தெரிந்தவரிடம் பத்தோ இருபதோ வாங்கி, சொன்ன நாளில் திருப்பிக் கொடுப்பது. எழுத்து இல்லை, சாட்சி இல்லை, வட்டி இல்லை. மூஞ்சியைப் பார்த்துக் கொடுப்பது, அவ்வளவுதான்.

ஒரு ஆடி மாதத்துச் சனிக்கிழமை, கூலி கொடுக்கும் கொட்டகைக்குப் பக்கத்தில் ஒருவன் சைக்கிளை நிறுத்தினான். பின்னால் கேரியரில் ஒரு ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. தோல் உறை போட்ட சின்னப் பெட்டி. கரண்ட் வேண்டாம், டார்ச் லைட்டுக்குப் போடும் பேட்டரிக் கட்டை நான்கு போட்டால் போதும். பாண்டியில் இருக்கும் ஒரு கடைக்கு ஆள் பிடிக்க வந்தவன் அவன். அத்தனை பேர் நின்ற இடத்தில் அவன் என்னைப் பார்த்துத்தான் பேசினான். ஏனென்றால் நான்தான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

"ரொக்கமா நூத்தித் தொண்ணூறு சார். கையில இல்லியா, உடுங்க. நாப்பது கட்டுங்க, பெட்டியத் தூக்கினு போங்க. மிச்சம் பத்து தவணை. தவணைக்குப் பதினெட்டு ரூபா."

சார் என்றான். காலெல்லாம் உப்பு வெடிப்போடு, முட்டிக்கு மேலே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றவனை அதற்கு முன்னால் யாரும் சார் என்று கூப்பிட்டதில்லை. மளிகைக் கடையில் நோட்டை நீட்டும்போது என் தலை தானாகக் குனியும். முதலாளியிடம் முன்பணம் கேட்கும்போது துண்டு தோளிலிருந்து கக்கத்துக்கு வந்துவிடும். இவனிடம் ஒன்றும் கெஞ்ச வேண்டியதில்லை. அவன்தான் என்னிடம் கெஞ்சினான். தவணைக் கடனின் இனிப்பே அதுதான். கடன் வாங்குகிறோம் என்றே தோன்றாது. வியாபாரம் செய்கிறோம் என்று தோன்றும்.

நாற்பதும் நூற்றெண்பதும் இருநூற்று இருபது. முப்பது ரூபாய் அதிகம். ஆறாவதுவரை படித்தவன் நான், எனக்குக் கூட்டத் தெரியும். அன்று கூட்டவில்லை. பதினெட்டு என்ற எண்ணை மட்டும் பார்த்தேன். அள ஓட்டத்தில் நான்கு நாள் கூலி. அதற்கு ஒரு ரேடியோவா என்றுதான் மனசு கணக்குப் போட்டது.

இன்னொன்றையும் தப்பாகப் போட்டேன். எங்களுக்கு வருஷம் என்றால் அளம் ஓடும் மாதங்கள்தான். மழை மாதங்களை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. எங்கள் தெருவில் சீட்டு நடத்தியவர்கூட ஐப்பசியில் நிறுத்திவிட்டு மாசியில் விட்ட இடத்திலிருந்து தொடங்குவார். அதனால் பத்து தவணை என்றால் கூலி வரும் பத்து மாதம் என்று நினைத்துக்கொண்டேன். பிரதி மாதம் ஐந்தாம் தேதி என்று படிவத்தில் அச்சடித்திருந்தது. அதைப் படித்தேன். படித்த பிறகும் அப்படித்தான் நினைத்தேன். அளத்துக் கணக்குப்பிள்ளை ஜாமீன் கையெழுத்துப் போட்டார். அவரும் ஒன்றும் சொல்லவில்லை.

பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்ததும் தெருவே வந்தது. எல்லோரிடமும் ரொக்கம் கொடுத்து வாங்கினேன் என்று சொன்னேன். ஏன் சொன்னேன் என்று இன்றுவரை எனக்கே விளங்கவில்லை. யாரும் கேட்காமலே சொன்னேன்.

பார்க்க வந்தவர்களில் ஒரு அக்காவும் இருந்தாள். எனக்குச் சொந்தம் இல்லை. என்னோடு அதே அளத்தில் கூடை சுமந்தவள். நாற்பது வயது இருக்கும். புருஷன் இல்லை, இரண்டு பெண்கள். எங்கள் ஆட்களில் முன்பணம் வாங்காத ஒரே ஆள் அவள்தான். மழை மாதத்தில் கீற்று முடைந்து விற்பாள், கருவாடு விற்பாள், பட்டினிகூடக் கிடப்பாள். முதலாளியிடம் கை நீட்ட மாட்டாள். "எவன் கூலிய ஏத்தித் தர்றானோ அவன் அளத்துலதான் என் கூடை" என்று முதலாளி காதில் விழும்படியே சொல்லுவாள். அதனால் மற்றப் பெண்களைவிட அவளுக்குக் கூலியில் நாலணா கூடத்தான் கிடைத்தது.

அவளிடம் இருந்த ஒரே நகை ஒரு ஜோடிக் கம்மல். மூத்த பெண்ணின் பிரசவத்துக்காக அதை அந்தத் தையில்தான் சேட்டிடம் எண்பது ரூபாய்க்கு வைத்திருந்தாள். ஒரு வருஷக் கெடு. காது துளை தூர்ந்துவிடாமல் இருக்கத் துடைப்பத்திலிருந்து ஈர்க்குச்சி ஒடித்துப் போட்டிருந்தாள். இளைய பெண்ணுக்குக் கீழ்புத்துப்பட்டில் மாப்பிள்ளை பேசி முடித்திருந்தது. பங்குனியில் கல்யாணம். அந்தக் கம்மலைப் பெண் காதில் போட்டு அனுப்புவதாக வாக்குக் கொடுத்திருந்தாள்.

"ரொக்கமாவா வாங்கின?" என்றாள்.

"ரொக்கந்தான்க்கா."

"பரவால்லியே. நான் உன்ன ஊதாரின்னு நெனச்சினு இருந்தேன்."

ஆவணிக்கும் புரட்டாசிக்கும் தவணை கட்டினேன். பணம் வாங்க வந்தவன் விற்றவன் இல்லை. வசூலுக்கென்றே இருந்த வேறு ஆள். கையில் தோல் பை, சட்டைப் பையில் இரண்டு பேனா. தெருவில் யார் என்று கேட்டார்கள். திண்டிவனத்தில் இருக்கும் என் மச்சான் என்றேன். பெண்டாட்டிக்கு ஒன்றுவிட்ட அண்ணன் என்று உறவும் கட்டிவிட்டேன். அவள் அடுப்படியிலிருந்து என்னைப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது.

ஐப்பசியில் மழை பிடித்தது. அளம் மூடியது. ஐந்தாம் தேதி அவன் நனைந்துகொண்டே வந்து நின்றபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. உண்மையாகவே ஆச்சரியமாக இருந்தது.

"அளம் மூடியாச்சுங்க. இனிமே மாசியிலதான்" என்றேன்.

"இன்னாது மாசியில?"

"தவணைதான். உப்பு வந்தா கூலி, கூலி வந்தா தவணை."

அவன் சிரித்தான். "ஏம்பா, மழ பேஞ்சா மாசம் நின்னுடுமா? ஐப்பசி போனா கார்த்திக வராதா?"

சார் போய் ஏம்பா வந்துவிட்டது.

"மளிகைக் கடையில கூட கேக்க மாட்டாங்களே."

"அவரு உன் மூஞ்சியப் பாத்து குடுக்கறாரு. நான் பேப்பரப் பாத்து கேக்கறேன். வர்ற மாசம் ரெண்டும் சேத்து எடுத்து வை. முப்பத்தாறு, அபராதம் நாலு. இல்லன்னா பெட்டி என்னோட வந்துடும். கட்டின காசு திரும்பாது. நான் தெருவுல நின்னுதான் கேப்பேன், அப்புறம் கோச்சுக்காத."

அவன் கெட்டவன் இல்லை. அவன் வேலை அது. அவன்மேல் எனக்குக் கோபம் இருந்தது, இப்போது இல்லை. மிச்சம் இருக்கிற கோபம் எல்லாம் என்மேல்தான்.

"பெட்டியக் குடுத்துடுங்க. அது இல்லாமலே இருந்தவங்கதானே நாம" என்றாள் என் பெண்டாட்டி.

"எழுவத்தாறு ரூபா கட்டியிருக்கேன். சும்மாவா?"

எழுபத்தாறு ரூபாய் பெரிய காரணம்தான். ஆனால் அது இல்லை காரணம். ரொக்கம் கொடுத்து வாங்கிய பெட்டியை ஒருவன் சைக்கிளில் கட்டிக்கொண்டு போவதைத் தெரு பார்க்கும். அதுதான். ஏற்கெனவே எதிர்வீட்டுக்காரன் ஆரம்பித்திருந்தான். "இன்னாப்பா உன் மச்சான் மாசம் தவறாம வர்றாரு? சீர் குடுக்க வர்றாரா, வாங்கினு போக வர்றாரா?" என்று நாலு பேர் நடுவில் கேட்டான். நானும் சேர்ந்து சிரித்தேன்.

கார்த்திகையில் அக்கா வீட்டுக்குப் போனேன். மளிகைக்காரர் அரிசி தருவார், காசு தர மாட்டார். முதலாளி முன்பணம் தையில்தான் தருவார். அடகு வைக்கத் தாலியைத் தவிர ஒன்றும் இல்லை. அக்காவிடம் கம்மல் மீட்கச் சேர்த்த பணம் இருந்தது எனக்குத் தெரியும். தெரிந்துதான் போனேன்.

கீற்று முடைந்துகொண்டிருந்தாள். ரேடியோவுக்கு என்று எப்படிக் கேட்பது? ரொக்கம் என்று சொல்லியாயிற்றே. வாசலில் நிற்கும்வரை என்ன சொல்லப்போகிறேன் என்று யோசிக்கவில்லை. வாயைத் திறந்ததும் வந்தது.

"பாப்பாவுக்கு ஜொரம்க்கா. நாலு நாளா உடல. ஊசி போடணும்றாங்க."

என் பெண்ணுக்கு அப்போது மூன்று வயது. அன்று காலையில் இரண்டு தடவை சோறு வாங்கித் தின்றிருந்தாள்.

அக்கா கீற்றைக் கீழே போட்டுவிட்டு எழுந்து உள்ளே போனாள். டீத்தூள் டப்பா ஒன்றை எடுத்து வந்து என் முன்னாலேயே திறந்தாள். "எத்தினி வேணும்?"

நாற்பது கேட்கத்தான் போனேன். டப்பாவுக்குள் சுருட்டி வைத்த நோட்டுகளைப் பார்த்ததும் எழுபது என்றேன்.

அவள் எண்ணிப் பார்த்தாள். டப்பாவில் எழுபத்திரண்டு இருந்தது. இரண்டு ரூபாயை உள்ளே போட்டு மூடிவிட்டு மிச்சத்தை என் கையில் வைத்தாள். "இது கம்மல் காசு. தை கடைசிக்குள்ள எனக்கு வேணும். அதுக்கு மேல நிறுத்த முடியாது, ஆமா. பாப்பாவ பாண்டிக்கு இட்டுனு போ. இங்க இருக்கறவன்கிட்டல்லாம் காட்டினு நிக்காத."

நாற்பதை வசூல்காரனிடம் கட்டினேன். மிச்சத்தில் அரிசி வாங்கினேன். ரேடியோவுக்குக் கட்டையும் வாங்கினேன். அதையும் சொல்லிவிட வேண்டும். ஒரு மாதமாகக் கட்டை தீர்ந்து ஊமையாகக் கிடந்த பெட்டிக்குத்தான் அந்த நாற்பதைக் கட்டியிருந்தேன்.

மறுநாள் சாயங்காலம் அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தாள். முந்தானைக்குள் ஒரு ரொட்டிப் பொட்டலம் நனையாமல் இருந்தது. ஜுரத்தில் இருக்கும் பிள்ளைக்குப் பாலில் தோய்த்துக் கொடுக்க. வீட்டுக்குள் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. பாப்பா வெளியே எங்கேயோ விளையாடிவிட்டு, தலையெல்லாம் ஈரமாக அவள் பின்னாலேயே உள்ளே ஓடி வந்தது.

அக்கா அதைப் பிடித்து நிறுத்தி நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தாள்.

"உட்டுடுச்சா?"

"உட்டுடுச்சுக்கா. ஊசி போட்டதும் உட்டுடுச்சு" என்றேன்.

"நல்லதாப் போச்சு" என்றாள். ரொட்டியைப் பாப்பா கையிலேயே கொடுத்தாள். பாட்டு முடியும்வரை உட்கார்ந்திருந்துவிட்டுப் போனாள். அந்த ரொட்டியை என் பெண்டாட்டி தொடவே இல்லை.

மார்கழியில் அக்கா ஒரு கார்டை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். சேட்டு கடையிலிருந்து வந்தது. அவளுக்குப் படிக்கத் தெரியாது. அவள் தெருவிலேயே படித்தவர்கள் இருந்தார்கள். அவர்களை விட்டுவிட்டு என்னிடம் ஏன் கொண்டுவந்தாள் என்று அன்று எனக்கு உறைக்கவில்லை.

படித்துக் காட்டினேன். தை மாதக் கடைசி வெள்ளிக்கிழமைக்குள் அசலும் வட்டியும் கட்டி மீட்க வேண்டும். முடியாவிட்டால் அதுவரை உள்ள வட்டியை மட்டுமாவது கட்டினால் ஆறு மாதம் நீட்டித் தரப்படும். இரண்டும் இல்லையென்றால் ஏலம். வட்டி இருபத்தைந்து ரூபாய் சொச்சம். எல்லாவற்றையும் சத்தமாகப் படித்தேன். ஒரு வரியையும் மறைக்கவில்லை. அந்த ஒரு விஷயத்தில்தான் நான் யோக்கியன்.

"அக்கா, தையில முன்பணம் வாங்கினதும் குடுத்துடறேன்."

"சரி தம்பி" என்றாள். கார்டை வாங்கி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

தையில் அளம் திறந்தது. கடைசி வாரத்துத் திங்கட்கிழமை முதலாளி முன்பணம் கொடுத்தார். எனக்கு எழுபது ரூபாய். சரியாக எழுபது. கொட்டகையில் நான் கை நீட்டி வாங்கும்போது அக்கா இரண்டு ஆள் தள்ளி நின்றாள். பாத்தி மிதித்த கூலி வாங்க வந்திருந்தாள். நான் வாங்கியதைப் பார்த்தாள். நான் எண்ணியதையும் பார்த்தாள்.

இரண்டு பேரும் சேர்ந்துதான் திரும்பினோம். வரப்பு முடிந்து ரோடு ஏறும்வரை பக்கத்திலேயே நடந்தாள். கல்யாணத்துக்குப் பந்தல் போட ஆள் சொல்லியாயிற்று என்றாள். மாப்பிள்ளை வீட்டார் நல்ல மாதிரி என்றாள். பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நான் அப்போதே மடியை அவிழ்த்துக் கொடுத்திருக்கலாம். ஏன் கொடுக்கவில்லை? நடுரோட்டில் வேண்டாம், சாயங்காலம் வீட்டுக்குப் போய் மரியாதையாகக் கொடுப்போம் என்று நினைத்தேன். அப்படி நினைத்தது உண்மை. அந்தப் பணம் இன்னும் கொஞ்ச நேரம் மடியில் இருக்கட்டும் என்று ஆசைப்பட்டதும் உண்மை.

வீட்டு வாசலில் வசூல்காரன் நின்றிருந்தான். மார்கழிக்கும் தைக்கும் சேர்த்து இரண்டு தவணை பாக்கி. சைக்கிள் கேரியரில் கயிறு தயாராக இருந்தது. எதிர்வீட்டுக்காரன் பல் குச்சியை வாயில் வைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்தான்.

"முன்பணம் குடுத்துட்டாராமே உங்க மொதலாளி" என்றான் வசூல்காரன், தெருக்கோடிவரை கேட்கும்படி. "நாப்பது எடு. இல்ல, பெட்டிய எடு."

எடுத்துக் கொடுத்தேன். யோசிக்கவே இல்லை. கை தானாக மடிக்குப் போனது. அவன் ரசீது கிழித்துக் கொடுத்தான்.

"இன்னாப்பா, மச்சானுக்குப் பொங்கல் காசா?" என்றான் எதிர்வீட்டுக்காரன்.

மிச்சம் முப்பது இருந்தது. இப்போது கவனியுங்கள். வட்டி இருபத்தைந்து சொச்சம். அந்தக் கார்டைப் படித்துக் காட்டியவன் நான். முப்பதை அன்றைக்கே அக்கா கையில் கொடுத்திருந்தால் கெடு நீண்டிருக்கும். கம்மல் தப்பித்திருக்கும். பங்குனிக்குள் அசலுக்கு ஏதாவது வழி பிறந்திருக்கும். இது எனக்கு அன்று தெரியாமல் இல்லை. தெரியும்.

ஆனால் எழுபது வாங்கியதைப் பார்த்தவளிடம் முப்பதைக் கொண்டுபோய் நீட்ட வெட்கமாக இருந்தது. மிச்சம் எங்கே என்று கேட்டால் ரேடியோவைச் சொல்ல வேண்டும். ரேடியோவைச் சொன்னால் ரொக்கம் என்றது பொய் என்று சொல்ல வேண்டும். அதைச் சொன்னால் ஜுரத்தைச் சொல்ல வேண்டும். அதனால் போகவில்லை. செவ்வாய் போகவில்லை, புதன் போகவில்லை. அளத்தில் அவள் கிழக்கே மிதித்தால் நான் மேற்கே போனேன். வியாழக்கிழமை மளிகைக்காரரிடம் இருபத்தெட்டு ரூபாய் கட்டிவிட்டேன். அவர் கேட்கவே இல்லை. நானாகப் போய்க் கட்டினேன். கையில் பணம் இல்லை என்று ஆக்கிவிட்டால் போக வேண்டிய அவசியமும் இல்லை, அல்லவா?

வெள்ளிக்கிழமை போனது. கம்மல் ஏலத்துக்குப் போனது.

மூன்று நாள் கழித்து அக்கா முதலாளி வீட்டுக்குப் போய் முன்பணம் கேட்டாள். அதை என் கண்ணால் பார்க்கவில்லை. கணக்குப்பிள்ளை சொல்லிச் சிரித்தார். "எவன் அளத்துலயும் நிப்பேன்னு சொன்ன பொம்பள. இப்ப ரெண்டு சீசனுக்கு எழுதிக் குடுத்துட்டுப் போறா." நூற்றைம்பது ரூபாய். அதற்குப் புதுக் கம்மல் ஒரு ஜோடி, பழையதைவிடச் சின்னதாக, வாங்கினாள். இரண்டு வருஷம் அந்த முதலாளி சொன்ன கூலிக்கு அந்த அளத்திலேயே சுமந்தாள். மற்றப் பெண்களுக்குக் கிடைத்த கூலிதான் அவளுக்கும். கூடுதல் நாலணா போயிற்று.

கல்யாணத்துக்கு என்னையும் கூப்பிட்டாள். மைக்செட் வைக்க வசதியில்லை. "தம்பி, உன் ரேடியோவ எடுத்துனு வாயேன், நாலு பாட்டு கேக்கட்டும்" என்று அவளே சொன்னாள். எடுத்துக்கொண்டு போனேன். போகாமல் இருக்கவும் தைரியம் இல்லை. பந்தல் காலில் மாட்டிவிட்டு, யாரும் தட்டிவிடாமல் பார்த்துக்கொள்கிற சாக்கில் அதன் பக்கத்திலேயே நின்றேன். பெண் காதில் சின்னக் கம்மல். அக்கா காதில் ஈர்க்குச்சி, மஞ்சள் தடவி. மாப்பிள்ளை வீட்டுக் கிழவர் ஒருவர் என்னிடம் பெட்டி என்ன விலை என்று கேட்டார். நான் திரும்பிக்கொண்டு ரேடியோ சத்தத்தைக் கூட்டினேன்.

சித்திரையில் அந்த ரேடியோவைக் கோட்டக்குப்பத்தில் ஒருவருக்கு நூறு ரூபாய்க்கு விற்றேன். தவணை முடியாமல் விற்கக்கூடாது என்று படிவத்தில் இருந்தது. அதையும் படித்திருந்தேன். நூறையும் எடுத்துக்கொண்டு நேராக அக்கா வீட்டுக்குப் போனேன். நூறையும் அவள் முன்னால் வைத்தேன்.

அவள் எண்ணினாள். எழுபதை எடுத்துக்கொண்டு முப்பதை என் பக்கம் தள்ளினாள்.

"வச்சுக்கக்கா. வட்டின்னு வச்சுக்க."

"நான் இன்னா கடையா வச்சிருக்கேன்? நான் குடுத்தது எழுவது."

"அக்கா, அன்னைக்கு நான்…"

"உடு தம்பி. அன்னைக்கு ரொட்டி எடுத்துனு வந்தேன் இல்ல, பாப்பா தண்ணில குதிச்சினு இருந்துச்சு. பாத்துட்டுதான் உள்ள வந்தேன்."

"அப்புறம் ஏன்க்கா ஒரு தடவகூட கேக்கல? கார்டு எடுத்துனு வந்தியே, அப்பக்கூட கேக்கலியே. கேட்டிருந்தா…"

"கேட்டிருந்தா இன்னொரு பொய் சொல்லியிருப்ப. அதையும் நான் நின்னு கேட்டினு இருக்கணுமா?" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. பணத்தை டீத்தூள் டப்பாவில் போட்டு மூடினாள். "போ. பாப்பாவ கேட்டேன்னு சொல்லு."

அதற்குப் பிறகு நான் தவணையில் எதுவும் வாங்கவில்லை என்று எழுத ஆசைதான். வாங்கினேன். சைக்கிள் வாங்கினேன், பிறகு மின்விசிறி வாங்கினேன். மளிகை நோட்டிலும் வாங்கினேன், முன்பணமும் வாங்கினேன். எது நல்ல கடன், எது கெட்ட கடன் என்று இப்போது வீட்டுப் பிள்ளைகள் வட்டிக் கணக்குப் போட்டுப் பேசுகிறார்கள். போடட்டும். வட்டியே இல்லாத கடனை வாங்கித்தான் நான் இன்னொருத்தியின் இரண்டு வருஷத்தைத் தின்றேன். கைமாத்து மட்டும் அதன் பிறகு யாரிடமும் கேட்டதில்லை.

அக்கா தள்ளிய முப்பதை மடியில் வைத்துக்கொண்டு அன்று வீட்டுக்கு வந்தேன். மாசிக்கும் பங்குனிக்கும் கூலியிலிருந்து கட்டியது போக, ரேடியோவுக்கு இன்னும் இரண்டு தவணை பாக்கி இருந்தது. வீட்டில் இல்லாத பெட்டிக்கு முப்பத்தாறு ரூபாய். சித்திரைத் தவணையை அந்த முப்பதிலிருந்து கட்டினேன். வைகாசிக்கு மீதிப் பன்னிரண்டோடு கூலியிலிருந்து ஆறு ரூபாய் சேர்த்து வைத்திருந்தேன். ஐந்தாம் தேதி காலையிலேயே வாசலில் போய் நின்றுகொண்டேன். அவன் சைக்கிளை விட்டு இறங்குவதற்கு முன்னாலேயே பணத்தை நீட்டினேன்.

"இன்னா சார், இவ்ளோ கரெக்டா?" என்று சிரித்துக்கொண்டே அவன் கடைசி ரசீதைக் கிழித்தான்.